பெங்களூர்க் கோட்டையின் தில்லி வாயில்

கோலார்த் தங்கவயலுக்கு அருகே, பங்காருப்பேட்டைக்குத் தெற்கில், பூதிகோட்டை என்று ஓர் ஊர் உண்டு. கன்னடத்தில் பூதி என்றால் சாம்பல். தமிழில் திருநீற்றுக்கும் அதுவே பெயர். ஊரை அடுத்த பாறைக் குன்றில் பழைய கோட்டையின் சிதைவுகள் இருக்கின்றன. சீராவின் சுபேதாரிடம் படைத்தலைவராயிருந்த ஃபத்தே முகம்மது என்பவர் இவ்வூரை ஜாகீராகப் பெற்றிருந்தார். 1720ஆம் ஆண்டை ஒட்டி அவருக்கு இங்கே ஒரு மகன் பிறந்தான். பிற்காலத்தில் மைசூரை ஆண்ட ஹைதர் அலி அவனே. தங்கவயலில் மூன்று நான்கு தலைமுறைகளாக வாழ்ந்துவரும் நம் மக்களுக்கு இது பழகிய செய்தி. வானொலியில் பேசுகின்ற நமக்கு அவ்வூரின்மீது வேறொரு காரணத்தாலும் பற்று உண்டு. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் கிராமத்து மக்களே நிகழ்ச்சிகளைத் தயாரித்து, கம்பி வழியே வீடுகளுக்குக் கேட்பித்த ‘நம்ம த்வனி’ என்னும் நிலையம் பூதிகோட்டையில்தான் தோன்றிற்று.

ஆயினும், இன்று நாம் சொல்ல வந்தது பூதிகோட்டையின் கதையன்று. பூதிகோட்டையில் பிறந்தவர் பெங்களூரில் கல்லால் எழுப்பிய கோட்டையின் வாயில் ஒன்றைப் பற்றியே இந்தப் பேச்சு. அக்கோட்டையில் பெரும்பகுதி மறைந்துவிட்டது. கிருஷ்ணராஜ மார்க்கெட்டின் இரைச்சலுக்கும் விக்டோரியா மருத்துவமனையின் கூட்டத்துக்கும் அருகே, ஒரு துண்டு மதிலும் ஓர் உயர்ந்த வாயிலும் மட்டும் நிற்கின்றன. அவ்வாயிலுக்குத் தில்லி வாயில் என்று பெயர்.

பெங்களூரில் தில்லிக்கு என்ன வேலை என்று கேட்கத் தோன்றும். தில்லியில் வாழும் நேயர்களுக்கு இதன் விடை எளிது. அவர்கள் நாள்தோறும் காஷ்மீரி கேட்டிலும் அஜ்மேரி கேட்டிலும் பேருந்து மாறுகிறவர்கள். காஷ்மீரி கேட் காஷ்மீரத்தில் இல்லை. காஷ்மீரத்தை நோக்கிப் புறப்படும் சாலையில் இருந்தது. ஷாஜகான் அமைத்த தில்லி நகரத்திலேயே தில்லி வாயில் என்று ஒன்று உண்டு. அது பழைய தில்லிகளை நோக்கியது. லாகூரிலும் ஒரு தில்லி வாயில் இருக்கிறது. தில்லியிலோ ஒரு லாகூரி வாயில் இருந்தது. இரண்டு நகரங்களும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு கதவு வைத்திருந்தன என்று சொல்லலாம். வாயிலுக்கு அது நிற்கும் இடத்தின் பெயரை வைக்காமல், அதன் வழியே போனால் சேரும் இடத்தின் பெயரை வைப்பது அந்நாளைய வழக்கம். பெங்களூர்க் கோட்டையின் வடக்கு வாயில் தில்லித் திசையைப் பார்த்ததால் தில்லி வாயில் ஆயிற்று; தெற்கே இருந்தது மைசூர் வாயில்.

நம் தமிழ்நாட்டில் இவ்வழக்கம் அவ்வளவாக இல்லை. மதுரையில் கீழவாசல், தெற்குவாசல். தஞ்சையிலும் ஒரு கீழவாசல். நமக்குத் திசையே போதுமானதாக இருந்திருக்கிறது. சிலப்பதிகாரக் கதையில் கண்ணகி கணவனோடு கிழக்கு வாயிலால் மதுரைக்குள் வந்தாள், தனியளாய் மேற்கு வாயிலால் வெளியேறினாள் என்பதும் திசைக்கணக்குத்தான். ஆனால் ஓர் ஊர் விதிவிலக்கு. ஆற்காட்டில், பாலாற்றங்கரையில், இன்றும் ஒரு தில்லி வாயில் நிற்கிறது. 1751ஆம் ஆண்டில் ராபர்ட் கிளைவ் அக்கோட்டையைப் பிடித்து, ஏறத்தாழ ஐம்பது நாள் முற்றுகையைத் தாங்கினான். 1780இல் அதே ஆற்காட்டை ஹைதர் அலி கைப்பற்றினார். நந்தி மலைப்பகுதியில் தோன்றி, தங்கவயலை அடுத்த பேத்தமங்கலத்தைத் தொட்டு, வேலூரையும் ஆற்காட்டையும் நனைத்துச் செல்லும் பாலாற்றை மனத்தில் வைத்துக்கொள்வோமாக. நம் கதை அந்த ஆற்றோடு மேலும் கீழும் போகும்.

பெங்களூரின் முதற்கோட்டை ஹைதர் கட்டியதன்று. 1537ஆம் ஆண்டில் விஜயநகரப் பேரரசுக்கு அடங்கிய யலஹங்க நாட்டுத் தலைவர் கெம்பே கௌடர் மண்ணால் மதில் எழுப்பி, அகழி வெட்டி, இந்நகரை அமைத்தார். நான்கு ஏர்களில் வெள்ளை எருதுகளைப் பூட்டி, இன்றைய சிக்கபேட்டை நாற்சந்தியிலிருந்து நான்கு திசைக்கும் உழச் செய்து, அந்த உழவுச்சால்களையே தெருக்களாக்கினார் என்பது ஐதிகம். தெருக்கள் முடியும் இடங்களில் வாயில்கள் அமைந்தன. ஹலசூர் வாயில், யலஹங்கா வாயில், ஆனேக்கல் வாயில், ஸொண்டேகொப்பா வாயில் என்று அவற்றுக்கும் போகும் ஊரின் பெயர்களே.

இந்தக் கெம்பே கௌடரின் குலத்தார் எங்கிருந்து வந்தவர்கள்? இங்கேதான் பாலாறு குறுக்கிடுகிறது. அவருடைய முன்னோர் காஞ்சிபுரப் பகுதியில் உழுதுண்டு வாழ்ந்தவர்கள் என்று அக்குலத்தின் கதை கூறுகிறது. அவர்கள் வீட்டில் தொட்டம்மா என்று ஒரு பெண் இருந்தாள். அவ்விடத்து வலிமை மிக்க தலைவன் ஒருவன் அவளை மணக்க விரும்பினான். கொடுக்க மனமில்லை, மறுத்தால் உயிர் பிழைக்க வழியில்லை. ஆகவே, இரவோடு இரவாக வண்டிகளைப் பூட்டிக்கொண்டு குடும்பத்தோடு புறப்பட்டனர். பாலாற்றில் வெள்ளம் புரண்டது. பின்னாலே துரத்துவோர் வருகின்றனர். தொட்டம்மா தன் காதணியைக் கழற்றி ஆற்றில் இட்டு வேண்டினாளாம். வெள்ளம் விலகி வழிவிட்டதாம். அவர்கள் மேடேறி, நந்தி மலைக்குக் கிழக்கே வந்து தங்கி, ஆவதி என்னும் ஊரை அமைத்தார்கள். ரண பைரே கௌடர் என்பவர் அக்கூட்டத்தின் தலைவர். அவர் வழியில் வந்தவரே பெங்களூரை அமைத்த கெம்பே கௌடர்.

ஒரு மகளைக் காப்பதற்காக வீட்டையும் நிலத்தையும் விட்டுவந்த குடும்பம் அது. இதனை நேயர்கள் நினைவில் கொள்ள வேண்டும். ஏனெனில், அதே குடும்பத்தைப் பற்றிய இன்னொரு கதை பெங்களூர்க் கோட்டை வாயிலில் நடக்கிறது.

கோட்டை கட்டும்போது தெற்கு வாயில் மட்டும் நிற்கவில்லையாம். பகலில் கட்டுவார்கள், இரவில் இடிந்துவிழும். மீண்டும் கட்டினால் மீண்டும் விழும். கருவுற்ற பெண் ஒருத்தியைப் பலியிட்டாலன்றி வாயில் நிலைக்காது என்று குறி சொன்னவர்கள் கூறினார்கள். கெம்பே கௌடர் அதற்கு உடன்படவில்லை. ஆனால், அச்செய்தி வீட்டினுள் எட்டிவிட்டது. அவருடைய மருமகள் லட்சுமிதேவி அப்போது கருவுற்றிருந்தாள். ஒருவருக்கும் சொல்லாமல், நள்ளிரவில் எழுந்து சென்று, அந்த வாயிலருகே வாளால் தன்னை மாய்த்துக்கொண்டாள். பொழுது விடிந்தபோது வாயில் நின்றது, அவள் கிடந்தாள். மாமனார் அவள் பெயரால் கோரமங்கலத்தில் கோயில் எடுத்தார். லட்சுமம்மாவின் சமாதி என்று அங்கே காட்டப்படும் இடம் இன்றும் இருக்கிறது. நகரம் பெருகி அப்பகுதியைச் சூழ்ந்துகொண்டுவிட்டது. மாநகராட்சி அலுவலக வளாகத்தில் அவளுக்குச் சிலையும் வைத்திருக்கிறார்கள்.

இது கர்ண பரம்பரைக் கதை. சரித்திரமாக நாம் இதனைச் சொல்லவில்லை. மண்சுவர் ஏன் விழும் என்பதற்குக் காரணம் தேட அதிக தூரம் போக வேண்டியதில்லை. மதிலில் எங்கும் இல்லாத பலவீனம் வாயிலில் உண்டு. மதில் முழுதும் ஒன்றையொன்று தாங்கி நிற்க, வாயிலில் மட்டும் நடுவே வெற்றிடம் விட்டு, அதற்கு மேலே பாரம் ஏற்ற வேண்டியிருக்கிறது. கல்லாயிருந்தால் வளைவு பாரத்தைத் தாங்கும். ஈரம் காயாத மண்ணாயிருந்தால், பகலில் வேலை செய்தவர்கள் வீடு திரும்பிய பிறகு, இரவின் ஈரத்தில் அது சரிந்துவிடும். இரவில் விழுந்ததும் அதனால்தான். தெய்வக் குற்றம் என்று தோன்றியதும் அதனால்தான்.

ஆனால், அப்படி விளக்கிவிட்டால் கதை தீர்ந்துவிடாது. இக்கதை பெங்களூருக்கு மட்டும் உரியதாயிருந்தால் ஒரு குடும்பத்தின் துயரம் என்று விட்டுவிடலாம். இதே கதை உலகில் எத்தனை இடங்களில் சொல்லப்படுகிறது என்று பார்க்கும்போதுதான் வியப்பு உண்டாகிறது.

கன்னட நாட்டுப்புறப் பாடல்களில் ‘கெரெகெ ஹார’ என்பது புகழ் பெற்றது. ஏரிக்குப் பலி என்று பொருள். மல்லன கௌடர் வெட்டிய ஏரியில் தண்ணீர் ஊறவில்லை. வீட்டின் மருமகள்களில் ஒருத்தியைக் கொடுக்க வேண்டும் என்று சொல்லப்படுகிறது. மூத்தவர்களைக் கொடுக்க முடியாது. அவரவர்க்கு ஒரு காரணம் உண்டு. இளையவள் பாகீரதிதான் எஞ்சுகிறாள். அவள் பிறந்த வீட்டுக்குப் போய்வருகிறாள்; அங்கும் வாய்விட்டுச் சொல்லாமல் திரும்பி, ஏரியில் இறங்குகிறாள். படி படியாக நீர் ஏறுகிறது. போருக்குச் சென்றிருந்த கணவன் திரும்பி வந்து, செய்தி அறிந்து, அதே ஏரியில் குதித்துவிடுகிறான்.

கடல் கடந்து அல்பேனியாவுக்குப் போனால், ஷ்கோடர் நகரில் ரோசாஃபா கோட்டை நிற்கிறது. அங்கே மூன்று சகோதரர்கள் மதில் கட்டுகிறார்கள்; பகலில் கட்டியது இரவில் விழுகிறது. நாளை சோறு கொண்டுவரும் மனைவியைச் சுவரில் வைத்துக் கட்ட வேண்டும், யாரும் வீட்டில் சொல்லக் கூடாது என்று உறுதி செய்துகொள்கிறார்கள். மூத்தவர் இருவரும் மனைவியரிடம் இரகசியமாகச் சொல்லிவிடுகிறார்கள். இளையவன் சொன்ன சொல் தவறாதவன். மறுநாள் சோற்றோடு வந்தவள் அவன் மனைவி. அவள் மறுக்கவில்லை, ஒன்று மட்டும் கேட்டாள். தன் கைக்குழந்தைக்குப் பாலூட்ட ஒரு மார்பும், பார்க்க ஒரு கண்ணும், தடவிக்கொடுக்க ஒரு கையும், தொட்டிலை ஆட்ட ஒரு காலும் வெளியே இருக்கும்படி துளை விடுங்கள் என்றாள். செர்பியர்களும் இதே கோட்டையைப் பற்றி இதே கதையைப் பாடுகிறார்கள். ருமேனியாவில் ஆர்ஜெஷ் மடாலயத்தைக் கட்டிய மனோலே என்னும் தலைமைக் கொத்தன் தன் மனைவியைச் சுவருக்குக் கொடுக்கிறான். கிரேக்கத்தில் ஆர்த்தா பாலத்தைக் கட்டிய மேஸ்திரியும் அவ்வாறே. நம் தென்பாண்டி நாட்டு வில்லுப்பாட்டிலும், புதையலுக்காகத் திருடர் கையில் கருவோடு பலியாகித் தெய்வமான பொன்னிறத்தாள் இருக்கிறாள்.

இந்தச் சுவர்க்கதைகளையும் ஏரிக்கதையையும் ஒருங்கே வைத்துப் பார்த்தால் ஒன்று தெரியும். கட்டடத்துக்குக் கொடுக்கப்படுகிறவள் மகளல்லள், மருமகள். சகோதரியல்லள், சகோதரன் மனைவி. வீட்டில் பிறந்தவளை எவரும் சுவருக்குக் கொடுக்கவில்லை. வீட்டுக்கு வந்தவளையே கொடுத்தார்கள். வாழ வந்தவள் என்று தமிழில் சொல்லுகிறோமே, அவளை. காஞ்சிப் பக்கத்திலிருந்து தொட்டம்மா என்னும் மகளைக் காக்க ஓடிவந்த அதே குலத்தின் கதையில், லட்சுமிதேவி என்னும் மருமகள் தனியே எழுந்து போகிறாள். எவரும் தடுக்கவில்லை, எவரும் விழித்துக்கொள்ளவும் இல்லை. இரண்டு கதைகளையும் தனித்தனியே கேட்டவர் பலர் உண்டு. சேர்த்துக் கேட்டால்தான் உறுத்துகிறது.

பெங்களூர்க் கதை மற்றவற்றினும் நாகரிகமானது என்று நண்பர் ஒருவர் நம்மிடம் வாதித்தார். தலைவர் பலியை மறுத்தார் அல்லவா என்றார். உண்மையே. ஆயினும், தலைவர் மறுத்தார் என்பதால் தலைவருக்குப் பழியில்லை, அவள் தானே போனாள் என்பதால் ஊருக்கும் பழியில்லை, வாயிலோ நிற்கிறது. கதை சொன்னவர்களின் திறமை இது என்றே நமக்குத் தோன்றுகிறது. தியாகம் என்று வணங்குவதில் நமக்கு மறுப்பில்லை. அத்தகைய தியாகம் ஏன் எப்போதும் வந்தவர் பங்காகவே வருகிறது என்று கேட்பதும் வணக்கத்தோடு சேர்ந்ததே.

இனிச் சரித்திரத்துக்கு வருவோம். 1638இல் பிஜப்பூர்ப் படை பெங்களூரைப் பிடித்தது. சிவாஜியின் தந்தை ஷாஜி அதனை ஜாகீராக ஆண்டார். அவர் மகன் ஏகோஜி இங்கிருந்து புறப்பட்டுச் சென்றுதான் தஞ்சையில் மராட்டிய அரசை நிறுவினார். தஞ்சை அரண்மனை கண்டவர்கள், அதன் மராட்டிய மன்னர் மரபு பெங்களூர் வழியாக வந்தது என்பதை நினைவுகூரலாம். பின்பு மொகலாயர் கைக்கு மாறி, அவர்களிடமிருந்து மைசூர் அரசர் சிக்கதேவராஜ உடையார் இந்நகரைப் பணம் கொடுத்துப் பெற்றார். மூன்று இலட்சம் ரூபாய் என்பார்கள். பேட்டைக்குத் தெற்கே முட்டை வடிவிலான கோட்டையை அமைத்தவரும் அவரே.

1758ஆம் ஆண்டளவில் பெங்களூர் ஹைதர் அலிக்கு ஜாகீராயிற்று. 1761இல் மண்கோட்டையைக் கல்லால் கட்டினார். பூதிகோட்டைப் பாறைக்குன்றின் அடியில் பிறந்தவருக்குக் கல்லின் அருமை தெரியாமல் இராது. தில்லி வாயிலைப் பார்ப்பவர்கள் அதன் அலங்காரத்தையே முதலில் காண்பார்கள். கூர்முனை வளைவுகளும் சுதை வேலைப்பாடும் கண்ணைக் கவர்வன. ஆனால் கோட்டை வாயிலின் வேலை அழகு காட்டுவதன்று, எதிரியைத் தாமதிக்கச் செய்வது. நேர்வழியாக உள்ளே ஓடிவிடாதபடி பாதையைத் திருப்பிவிடுவார்கள்; ஒரு வாயிலைக் கடந்தால் நாற்புறமும் உயர்ந்த சுவர் சூழ்ந்த முற்றம், அதன் பின் இன்னொரு வாயில். இரு பக்கமும் கொத்தளங்கள். முன்னே அகழி. யானையால் முட்டித் திறக்கும் காலத்துக்கென்று கதவில் இரும்பு முனைகள். பெருங்கதவைத் திறக்காமலே ஓர் ஆள் குனிந்து நுழைய அதனுள் ஒரு சிறு கதவு வைப்பதும் உண்டு. அதற்குத் திட்டிவாசல் என்று பெயர். இச்சொல் இப்போது வழக்கொழிந்து வருகிறது. மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு, இத்தகைய சொல் ஒன்று போனால் ஒரு கதவே சாத்தப்பட்டது போல் இருக்கும். வாயில் என்னும் சொல்லே அழகானது. இல்லத்தின் வாய் என்பதை இல்வாய் என்று சொல்லாமல், முன்பின்னாக மாற்றி வாயில் என்றார்கள். இலக்கணப் போலி என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். கன்னடத்தில் பாகிலு என்பர், பெருவாயில் ஹெப்பாகிலு.

கதவும் கொத்தளமும் எவ்வளவு வலியவை என்பதற்கு 1791இல் சோதனை வந்தது. மூன்றாம் மைசூர்ப் போர் நடந்துகொண்டிருந்தது. ஹைதர் 1782இல் இறந்துவிட்டார். முதலில் கோலாரில், தம் தந்தையின் சமாதிக்கு அருகே, அடக்கம் செய்யப்பட்டுப் பின்பு ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குக் கொண்டுபோகப்பட்டார். திப்பு அரசர். எதிரே வந்தவர் கவர்னர் ஜெனரல் கார்ன்வாலிஸ். பத்தாண்டுக்கு முன்பு, 1781இல், அமெரிக்காவில் யார்க்டவுனில் ஜார்ஜ் வாஷிங்டனிடம் தோற்ற அதே கார்ன்வாலிஸ். அவர் ஆம்பூர்ப் பக்கமாக ஏறுவது போல் போக்குக்காட்டி, முகளிக் கணவாய் வழியே மேட்டுநிலத்தில் ஏறினார். கோலாரும் ஹொஸகோட்டையும் அதிக எதிர்ப்பின்றி வீழ்ந்தன. 1791 மார்ச்சு 5ஆம் நாள் படை பெங்களூருக்கு முன் வந்து நின்றது.

மார்ச்சு 7ஆம் நாள் பேட்டையின் ஹலசூர் வாயில் தாக்கப்பட்டது. பீரங்கிகளை வாயிலுக்கு நேரே நிறுத்திச் சுட்டார்கள். கதவு எளிதில் வழிவிடவில்லை. பீரங்கிப்படைத் தலைவர் மூர்ஹவுஸ் அங்கே குண்டுபட்டு மாண்டார். சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையிலுள்ள மாதா கோவிலில் அவர் நினைவுச்சின்னம் இருக்கிறது. இறுதியில் கதவில் சிறு பிளவு உண்டாயிற்று. அதில் நுழையத்தக்க சிறிய உடல் கொண்ட படையதிகாரி ஒருவர் முதலில் உள்ளே போனாராம். அவரைக் குறித்துத் தளபதி மெடோஸ் அந்தக் குண்டுமழையிலும் வேடிக்கை பேசினார் என்று போர் வரலாறு எழுதியவர்கள் சொல்கிறார்கள். திப்புவின் படை அன்றே பேட்டையை மீட்க முயன்றது, தெருத்தெருவாகச் சண்டை நடந்தது, மீட்க இயலவில்லை.

கோட்டை மேலும் இரண்டு வாரம் தாங்கிற்று. தில்லி வாயிலை ஒட்டிய பகுதியில் பீரங்கிகள் மதிலை இடித்துப் பிளவு உண்டாக்கின. மார்ச்சு 21ஆம் நாள் இரவு, நிலவொளியில், அப்பிளவு வழியே படை ஏறிற்று. கோட்டைத் தலைவர் பஹதூர் கான் என்னும் முதியவர் சண்டையிட்டு அங்கேயே மடிந்தார். அவர் உடலை மரியாதையோடு அனுப்பிவைக்கக் கார்ன்வாலிஸ் முன்வந்தார் என்றும், வீழ்ந்த இடத்திலேயே அடக்கம் செய்வதைவிடச் சிறப்பில்லை என்று திப்பு மறுமொழி அனுப்பினார் என்றும் கூறுவர். பகைவர் இருவரும் ஒருவர்க்கொருவர் குறையாமல் நடந்துகொண்ட இடம் அது. அந்நாளில் படையோடு வந்த ராபர்ட் ஹோம் என்னும் ஓவியர் இப்பகுதிகளை வரைந்து, 1794இல் நூலாக வெளியிட்டார்.

தில்லி வாயிலருகே மதிலில் ஒரு கல்பலகை இருக்கிறது. இந்தப் பிளவு வழியாகப் பிரிட்டிஷ் தாக்குதல் நடந்தது என்பது அதன் செய்தி. அதைப் படிக்கும்போது நமக்கு ஒன்று நினைவுக்கு வரும். அந்தப் படையில் பெரும்பகுதி பிரிட்டிஷாரல்லர். சென்னை இராணுவத்துச் சிப்பாய்கள். தமிழரும் தெலுங்கரும் முகம்மதியரும் பலர். செங்கற்பட்டிலும் ஆற்காட்டிலும் திருச்சியிலும் உழவு விட்டுச் சம்பளத்துக்குச் சேர்ந்தவர்கள். மூர்ஹவுஸுக்குச் சலவைக்கல் கிடைத்தது. கணவாய் ஏறிவந்து அதே வாயிலில் விழுந்த சிப்பாய்களின் பெயர்களை அக்கல்பலகை சொல்லவில்லை.

1792 உடன்படிக்கைக்குப் பின் பெங்களூர் திப்புவிடம் திரும்பிற்று. கோட்டையால் பயனில்லை என்று அவரே அதைச் சிதைத்தார் என்றும், பிற்பாடு திவான் பூர்ணையா பழுதுபார்த்தார் என்றும் அறிகிறோம். 1809இல் ஹலசூர்ப் பக்கத்தில் ஆங்கிலேயர் தண்டு அமைத்தார்கள். படையோடு தமிழர் வந்தனர்: சிப்பாய்கள், அவர்களுக்குச் சாமான் விற்ற வணிகர்கள், கட்டடத் தொழிலாளர்கள், சமையற்காரர்கள், எழுத்தர்கள். ஹலசு என்றால் பலா. ஹலசூர் நம்மவர் வாயில் அல்சூர் ஆயிற்று. கோட்டை தேவையற்றுப்போக, மதில்கள் சிறிது சிறிதாக இடிக்கப்பட்டன. 1900இல் விக்டோரியா மருத்துவமனை எழுந்தது. பள்ளிகளும் சாலைகளும் சந்தையும் வந்தன. ஹலசூர் வாயில் அடியோடு போய்விட்டது. ஆனால் ஹலசூர் கேட் என்று காவல்நிலையம் இருக்கிறது. வாயில் போனாலும் வழிப்பெயர் போகவில்லை. 1791இல் மாண்டவர்களுக்காக அங்கே ஆங்கிலேயர் எழுப்பியிருந்த தூண் 1964இல் அகற்றப்பட்டு, மாநகராட்சிக்கு எதிரே கெம்பே கௌடருக்குச் சிலை எழுந்தது.

தில்லி வாயில் தப்பியது தற்செயலே. அதைச் சூழ்ந்த மண்ணுக்குள் இன்னும் பழைய காலம் கிடக்கிறது. 2012இல் மெட்ரோ ரயிலுக்காக மார்க்கெட் அருகே தோண்டியபோது பழைய பீரங்கிகள் வெளிப்பட்டன.

மண்ணுக்குள் என்றதும் தங்கவயல் நேயர்களை நினையாமல் இருக்க முடியவில்லை. 1880ஆம் ஆண்டையடுத்து ஜான் டெய்லர் கம்பெனியார் சுரங்கம் தொடங்கியபோது, வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் நம் மக்கள் பாலாற்றின் எதிர்த்திசையில் மேடேறி வந்தார்கள். தொட்டம்மாவின் வண்டிகள் ஏறிய திசை, கார்ன்வாலிஸின் சிப்பாய்கள் ஏறிய திசை. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் ஆழமாகச் சென்றது. 2001 பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கம் மூடப்படும் வரை, ஏறத்தாழ 120 ஆண்டுகளில், 800 டன் அளவு தங்கம் மேலே வந்தது. பாறை வெடிப்பில் சிக்கியவர்கள் பலர் மேலே வரவில்லை. அவர்களைப் பிழைக்க வந்தவர்கள் என்பர். வாழ வந்தவள், பிழைக்க வந்தவர்கள்: இரண்டு சொற்றொடர்களிலும் ஒரே வினை இருப்பதைக் கவனிக்கலாம்.

வெளிமாநிலத்தில் வாழும் நம்மை நோக்கி, நீங்கள் எங்கிருந்தோ வந்தவர்கள்தானே என்று சில வேளைகளில் யாரேனும் சொல்வதுண்டு. பகையாகச் சொல்லுவார்கள் என்பதில்லை, பேச்சுவாக்கில் சொல்லுவார்கள். பெங்களூர் வாயிலின் கதையை அறிந்தவர் அதற்கு வருந்தத் தேவையில்லை. நகரை அமைத்த குலம் காஞ்சியிலிருந்து வந்ததாகத் தன் கதையில் தானே சொல்லிக்கொள்கிறது. மராட்டியர் வந்தனர், மொகலாயர் வந்தனர், பூதிகோட்டைப் படைத்தலைவரின் மகன் வந்தார். வாயில் என்று ஒன்று வைத்ததே வருகிறவர்களுக்காகவும் போகிறவர்களுக்காகவும்தான்.

தில்லி வாயிலைக் காண விரும்புவோர் கிருஷ்ணராஜ மார்க்கெட்டில் இறங்கி நடந்தே போகலாம். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. உள்ளே ஒரு கணபதி சந்நிதி உண்டு. ஹைதரும் திப்புவும் அதனை அவ்வாறே வைத்திருந்தனர். சிறிது தூரத்தில் திப்புவின் மரத்தூண் மாளிகையும், சிக்கதேவராஜர் காலத்து வேங்கடரமண சுவாமி கோயிலும் இருக்கின்றன. 1791 முற்றுகையில் பீரங்கிக்குண்டு பட்ட தூண் என்று அக்கோயிலார் ஒன்றைக் காட்டுவார்கள். கோரமங்கலத்துக்கு அங்கிருந்து தனியே பேருந்து ஏற வேண்டும். லட்சுமம்மாவின் சமாதி ஆறாவது பிளாக்கில், பூங்கா ஒன்றினுள் இருக்கிறது. பகலில் போவது நல்லது.